எடிட்டரில் ஃபோல்டரை அழிக்கும்போது ஷிஃப்டைத் தொடாதீர்கள்

வி.எஸ். கோட் என்ற கோடு எழுதும் எடிட்டரில் ஒரு ஃபோல்டரை அழிக்க வேண்டுமென்றால், பக்கவாட்டுப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து வெறும் டெலீட் மட்டும் அழுத்துங்கள் (மேக்கில் கமாண்ட், பேக்ஸ்பேஸ்). ஷிஃப்டோடு சேர்த்து அழுத்த வேண்டாம். கீழே டெர்மினலில் 'ஆர்எம்' என்ற அழிக்கும் கட்டளையை அடிப்பதும் வேண்டாம்.

வெறும் டெலீட் உண்மையில் எதையும் அழிப்பதில்லை, ஃபோல்டரை அப்படியே ரீசைக்கிள் பின்னுக்கு (மேக்கில் டிராஷ்) நகர்த்துகிறது. 'பசுந்தேயிலை-ஜூன்' ஃபோல்டர் போக வேண்டிய இடத்தில் 'பசுந்தேயிலை-ஜூலை' போய்விட்டாலும், ரீஸ்டோர் கொடுத்தால் உள்ளிருக்கும் எடைக்கணக்கோடு பழைய இடத்துக்கே வந்துவிடும். ஷிஃப்ட் டெலீட்டும் ஆர்எம்மும் அந்தப் பக்கமே போவதில்லை, நேராக அழித்துவிடும். செட்டிங்ஸில் 'எனேபிள் டிராஷ்' என்று தேடி, டிக் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதலிலிருந்தே இருக்கும்தான், ஆனால் எங்கள் கோத்தகிரி வீட்டில் ஒரே கம்ப்யூட்டரை நாலு பேர் தொடுகிறோம், யார் எதை மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது.

விண்டோஸில் பென் டிரைவில் இருக்கும் ஃபோல்டருக்கு இது உதவாது, அதற்கு ரீசைக்கிள் பின் கிடையாது. நெட்வொர்க் டிரைவும் அப்படித்தான். அப்போது நிரந்தரமாக அழிக்கவா என்று எடிட்டர் கேட்கும். படிக்காமல் என்டர் தட்டுவதுதான் நம் வழக்கம், அங்கே மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், டிஸ்கில் இடம் இல்லை என்று அழிப்பவர்களுக்கு இது போதாது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்வரை ஒரு எம்பிகூடத் திரும்பக் கிடைக்காது.