ஐ'ட், ஷீ'ட், தே'ட்: பேச்சு ஆங்கிலத்தில் சுருங்கிப்போகும் ‘ஹேட்’

“ஹீ செட் ஹீ'ட் ஃபினிஷ் இட்.”
“ஹீ செட் ஹீ'ட் ஃபினிஷ்ட் இட்.”

முதல் வாக்கியத்தில், முடித்துத் தருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டாவதில், முடித்தாயிற்று என்று தகவல் சொல்லியிருக்கிறார். வேலை ஆனதா ஆகவில்லையா என்பதே புரண்டுவிடுகிறது. இத்தனைக்கும் இரண்டிலும் ‘ஹீ'ட்’ ஒன்றுதான். முதலாவது ‘வுட்’ என்பதன் சுருக்கம், இரண்டாவது ‘ஹேட்’ என்பதன் சுருக்கம். எழுத்திலும் ஒலியிலும் அவற்றுக்குள் வித்தியாசமே கிடையாது. அடுத்து வரும் சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே கண்ணும் காதும் அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். அது வினையின் மூன்றாம் வடிவமான வி3 ஆக இருந்தால் (கான், ஈட்டன், சீன், ஃபினிஷ்ட்) ‘ஹேட்’. வினையின் அடிப்படை வடிவமான வி1 ஆக இருந்தால் (கோ, ஈட், சீ, ஃபினிஷ்) ‘வுட்’. ‘பீன்’ வந்தால் ஹேட், ‘பி’ வந்தால் வுட். ‘ஹேவ்’ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வுட் என்று சொல்லலாம். “ஐ'ட் ஹேட் லன்ச்” என்று வந்தால் ஒளிந்திருப்பது இன்னொரு ஹேட். அதாவது ‘ஹேட் ஹேட்’. நெவர், ஜஸ்ட், ஆல்ரெடி போன்றவை நடுவில் புகுந்திருந்தால் அவற்றைத் தாண்டிப் பார்க்க வேண்டும்: “ஷீ'ட் நெவர் கான்” ஹேட்; “ஷீ'ட் நெவர் கோ” வுட்.

இந்தச் சோதனை சறுக்கும் இடங்களும் உண்டு. கம், ரன், புட், கட் போன்ற வினைகளுக்கு வி1, வி3 இரண்டும் ஒன்றே. “ஹீ'ட் கம்” என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. “பை தென் ஹீ'ட் கம் ஹோம்” என்று காலம் சேர்ந்தால் பெரும்பாலும் ஹேட். ‘ரீட்’ எழுத்தில் குழப்பும், பேச்சில் குழப்பாது: “ஐ'ட் ரெட் இட்” ஹேட், “ஐ'ட் ரீட் இட்” வுட். “யூ'ட் பெட்டர் கோ” என்பதில் வி1 வந்தாலும் அது ஹேட்தான். ஆனால் பாஸ்ட் பெர்ஃபெக்ட் (இறந்தகாலத்தில் ஒன்றுக்கும் முன்பே நடந்ததைச் சொல்லும் ‘ஹேட்’ + வி3) அல்ல, அறிவுரை. “ஐ'ட் ராதர்” என்றால் வுட். வேர், வை, ஹௌ போன்ற கேள்விச் சொற்களோடு மூன்றாவது ஆள் ஒருவரும் வந்து சேர்வார்: “வேர்'ட் யூ புட் இட்?” என்பதில் இருப்பது ‘டிட்’.

இந்த ‘ஹேட்’ + வி3 வடிவத்தை அடையாளம் காண்பதைவிட, எப்போது பயன்படுத்துவது என்பதில்தான் தமிழ் பேசுபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். காரணம் நம் ‘போயிருந்தேன்’. “நேத்து கடைக்குப் போயிருந்தேன்” என்று தமிழில் தனியாகச் சொல்லி நிறுத்தலாம், குறையொன்றும் இல்லை. அதை அப்படியே “ஐ'ட் கான் டு த ஷாப் யெஸ்டர்டே” என்று சொன்னால், கேட்பவர் ‘சரி, அப்புறம் என்ன நடந்தது?’ என்று காத்திருப்பார். ஆங்கிலத்தில் இந்த வடிவத்துக்குப் பக்கத்தில் இன்னொரு இறந்தகாலப் புள்ளி இருந்தாக வேண்டும்; அதற்கும் முன்னால் நடந்ததைத்தான் இது சொல்லும். சும்மா நேற்று போனதற்கு “ஐ வென்ட்” போதும். “வென் யூ கால்ட், ஐ'ட் கான் டு த ஷாப்” என்றால் சரி, ஏனென்றால் நீங்கள் அழைத்த நேரம் அந்தப் புள்ளியாகிவிடுகிறது. அந்தப் புள்ளி முந்தைய வாக்கியத்தில் இருந்தாலும் போதும்.

இதன் பலம் ‘வென்’ வரும்போது நன்றாகத் தெரியும். “வென் ஐ கேம், ஷீ லெஃப்ட்” என்றால் நான் வந்தேன், அவள் கிளம்பினாள். “வென் ஐ கேம், ஷீ'ட் லெஃப்ட்” என்றால் நான் வந்தபோது அவள் அங்கே இல்லை. பிஃபோர், ஆஃப்டர் இருந்தால் எது முதலில் என்பது அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும். பேச்சில் சாதாரண இறந்தகாலமே போதும். நீளமாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும்போதும் முதல் ஒன்றிரண்டு வினைக்கு ‘ட்’ போட்டுப் பின்னணியை நிறுத்திவிட்டு, மீதியைச் சாதாரண இறந்தகாலத்தில் சொல்வதே வழக்கம். எல்லா வினைக்கும் போட்டால் கேட்க அலுப்பாக இருக்கும்.

‘இஃப்’ வாக்கியத்தில் இரண்டு ‘ட்’ ஒன்றாக வரும்: “இஃப் ஐ'ட் நோன், ஐ'ட் ஹேவ் டோல்ட் யூ.” முதலாவது ஹேட், இரண்டாவது வுட். “இஃப் ஐ வுட் ஹேவ் நோன்” என்பதைச் சில ஊர்ப் பேச்சில் கேட்கலாம், தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும். “ஐ விஷ் ஐ'ட் நோன்” என்பதிலும் ஹேட்தான்.

உச்சரிப்பில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. சொல்லை மெய்யெழுத்தில் நிறுத்தாமல் ஓர் உகரம் சேர்த்து ‘ஐடு’, ‘ஹீடு’ என்று விடுகிறோம். ஒரே அசையாக இருக்க வேண்டியது இரண்டாகிவிடுகிறது. இதற்குச் சுலபமான வழி, அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அதோடு ஒட்டிவிடுவது: “ஐ'ட் ஈட்டன்” என்பதை ‘ஐடீட்டன்’ என்றும், “வீ'ட் ஆல்ரெடி” என்பதை ‘வீடால்ரெடி’ என்றும் சொல்லிப் பழகுங்கள். அழுத்தம் வி3 மேல் விழ வேண்டும், ‘ட்’ மேல் அல்ல. ‘இட்'ட்’ மட்டும் விதிவிலக்கு. அது ‘இட்டட்’ என இரண்டு அசையாகவே ஒலிக்கும். அடுத்த சொல்லும் ட் அல்லது ட-வுக்கு நெருங்கிய ஒலியில் தொடங்கினால், “ஐ'ட் டோல்ட் யூ” போல, ‘ட்’ கிட்டத்தட்ட மறைந்துவிடும். அங்கே காது கேட்காததைப் பொருளை வைத்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். ‘ஹீ டேக்கன்’ என்று காதில் விழுந்தால் நடுவில் ஒரு ‘ட்’ விழுங்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

சுருக்கவே கூடாத இடங்கள் சில. “ஹேட் யூ ஈட்டன்?” என்ற கேள்விக்கு “யெஸ், ஐ ஹேட்” என்றுதான் பதில், “யெஸ், ஐ'ட்” என்று முடிக்க முடியாது. “நோ, ஐ ஹேடன்ட்” தாராளமாக வரும். என்னிடம் ஒரு கார் இருந்தது என்பதற்கு “ஐ ஹேட் எ கார்”. இங்கே ஹேட்தான் முக்கிய வினை, அதைச் சுருக்கினால் பழங்காலத்துப் பிரிட்டிஷ் வாடை அடிக்கும். “ஐ ஹேட் டு கோ” என்பதையும் அப்படியே விட்டுவிடுங்கள். ‘அப்போதே சொன்னேனே!’ என்று அழுத்திச் சொல்லும்போதும் முழு வடிவம்: “ஐ ஹேட் டோல்ட் யூ!”

எழுத்தில் நண்பர்களுக்கான செய்தி, வழக்கமான மின்னஞ்சல் ஆகியவற்றில் சுருக்கம் இயல்பு. விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, சட்ட ஆவணம் என்றால் விரித்து எழுதுங்கள். பெயரோடு ஒட்டி “ரவி'ட் லெஃப்ட்” என்பது பேச்சோடு நிற்கட்டும். அப்பாஸ்ட்ரஃபியை மட்டும் விடாதீர்கள். ‘ஷீ'ட்’ அதை இழந்தால் கொட்டகையைக் குறிக்கும் ‘ஷெட்’ ஆகிவிடும், ‘வீ'ட்’ திருமணத்தைக் குறிக்கும் ‘வெட்’ ஆகிவிடும். இரண்டும் உண்மையான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிடும். அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.