எல்.பி.ஓ. படிகத்தைச் சூடேற்றி 1064 நானோமீட்டரிலிருந்து பச்சை லேசர் எடுப்பது எப்படி

லிதியம் ட்ரைபோரேட் எனும் எல்.பி.ஓ. படிகம் ஏறக்குறைய 149 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, அதன் எக்ஸ் அச்சு வழியே செல்லும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் அதிலிருந்து பிறக்கும் 532 நானோமீட்டர் பச்சையும் ஒரே வேகத்தில் போகும். இதுதான் கட்டப்பொருத்தம்; இது இருந்தால்தான் பச்சை வலுவாகச் சேரும். இரு கற்றைகளும் உள்ளே விலகிப் பிரிவதும் இல்லை. இதே வேலைக்குப் பயன்படும் பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட் படிகத்தைவிட இதன் நேரிலாக் குணகம், அதாவது நிறத்தை மாற்றும் வலிமை, குறைவுதான். ஆனால் அந்தப் படிகம் அதிகத் திறனில் சாம்பல் நிறம் ஏறிக் கெடும். நீண்ட நேரம் ஓட்ட எல்.பி.ஓ.வே நல்லது.

படிகங்கள் எளிதில் வீணாவது, சிறு அடுப்பில் வைத்துச் சூடேற்றும்போதுதான். சூடாகும்போது எல்.பி.ஓ. எக்ஸ் அச்சில் நீளும், ஒய் அச்சில் சுருங்கும். இறுக்கிப் பிடித்தால் விரிசல் விழும். அவசரப்பட்டால் முகப்பூச்சு (படிக முனைகளில் ஒளி எதிரொளிக்காதபடி பூசிய மெல்லிய படலம்) உரியும். இண்டியம் எனும் மென்மையான உலோகத்தின் மெல்லிய தகட்டில் சுற்றி, நழுவாத அளவுக்கு மட்டும் பிடியுங்கள். நிமிடத்துக்கு 2 டிகிரி போதும். அறை வெப்பத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

1064, 532 இரண்டையும் தடுக்கும் கண்ணாடி அணிந்தபின், குறைந்த திறனில் கற்றையைப் படிகத்தின் நடுவே செலுத்துங்கள். உள்ளே போகும் ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளியலை அதிரும் திசை, இசட் அச்சில் இருக்க வேண்டும். அந்தத் திசையைத் திருப்பும் அரை அலைத் தட்டைச் சுழற்றிச் சரிசெய்யலாம். பச்சை அதற்குச் செங்குத்தாக வெளிவரும். 15 மில்லிமீட்டர் படிகத்துக்கு, தொடர் லேசரில் குவியத்தின் ஆரம் சுமார் 24 மைக்ரோமீட்டர். துடிப்பு லேசரில் இப்படிக் குவித்தால் முகப்பூச்சு எரிந்துவிடும்; கற்றையை அகலமாகவே விடுங்கள்.

பிறகு அடுப்பின் வெப்பத்தை 140 முதல் 155 டிகிரி வரை 0.5 டிகிரிப் படிகளில் நகர்த்தி, பச்சையின் திறனைக் குறித்து வாருங்கள். வெப்ப உணரி இருப்பது படிகத்துக்குள் அல்ல என்பதால் உச்சம் 147இலோ 151இலோ தென்படலாம், அது பிழையல்ல. இந்த நீளத்துக்கு உச்சத்தின் அகலம் 3 டிகிரிக்கும் குறைவு. பக்கத்தில் வரும் சிறு மேடு உச்சத்தில் 5 சதவீதம்கூட இராது, அதில் நின்றுவிடாதீர்கள். வளைவு ஒருபக்கம் சாய்ந்திருந்தால் படிகத்தின் இரு முனைகளிலும் வெப்பம் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். உச்சம் கிடைத்ததும் 0.1 டிகிரிக்குள் நிலைநிறுத்துங்கள். திறனைக் கூட்டும்போது படிகம் தானே சூடாகும். அடுப்பைச் சற்றே இறக்க வேண்டிவரும்.

அகச்சிவப்பில் சில சதவீதமே பச்சையாக மாறும் நிலையில், உள்ளே செல்லும் திறனைப் பாதியாக்கினால் பச்சை கால்வாசியாக வேண்டும். பாதியாக மட்டுமே குறைந்தால், திறன் அளவியில் அகச்சிவப்பு கசிகிறது. பச்சையையும் அகச்சிவப்பையும் பிரிக்கும் கண்ணாடியைப் பாருங்கள்.

அணைப்பதானாலும் அதே மெதுவான வேகம்தான். அடிக்கடி பயன்படுத்துவோர் அடுப்பை அணைக்காமலே விடலாம்: ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இந்தப் படிகம் சூட்டில் உலர்ந்தே இருக்கும்.