டிவிய நிறுத்தப் போறீங்களா? நாங்க பண்ண தப்புகள நீங்க பண்ணாதீங்க

போன வருஷம் ஆடி மாசம், காசு வாங்க வந்த கேபிள்காரர்கிட்ட "அண்ணே இனிமே வேணாம், பாக்ஸ எடுத்துட்டுப் போயிருங்க"ன்னு சொல்லிட்டேன். வீட்ல யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. மொத தப்பு அதுதான், பெரிய தப்பும் அதுதான். எனக்கு டிவின்னா வெட்டிப்பொழுது, எங்கம்மாவுக்கு அது கடிகாரம். ஏழு மணி சீரியல் பாட்டு கேட்டா குக்கர் வைக்கணும், எட்டு மணி சீரியல்ல விளம்பரம் வந்தா தோசை ஊத்தணும், பத்து மணிக்கு மாத்திரை. பாக்ஸ் போன மறுநாள் அம்மா மாத்திரையே போடல, கேட்டா மணி தெரியலப்பாங்குறாங்க, எதுத்தாப்புல செவுத்துல கடிகாரம் தொங்குது. பகல்ல நாங்க எல்லாம் கெளம்புனப்புறம் அவங்களுக்குக் கேக்குற ஒரே மனுசக் குரலும் அதுலதான் வந்துச்சுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுச்சு.

அதனால நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு வாரம் சும்மா கவனிங்க, யாரு எதுக்காக டிவி போடுறாங்கன்னு. பாதி நேரம் அது சத்தத்துக்குத்தான் ஓடும். சத்தத்துக்கு ரேடியோ போதும். அடுப்படில வேலை செஞ்சுக்கிட்டே கேக்கலாம், ஒரே எடத்துல உக்காரவும் வேணாம்.

அடுத்தது எல்லாரும் விழுற குழி, போன். டிவி நின்ன ராத்திரியே ஆளாளுக்கு ஒரு மூலைல போனோட உக்காந்தோம். டிவியாவது எல்லாரையும் ஒரே ஹால்ல வச்சிருந்துச்சு, இது அதையும் கெடுத்துச்சு. 1975 ஆகஸ்ட் 15ல மெட்ராஸ் தூர்தர்ஷன் ஆரம்பிச்ச காலத்துல ஒளிபரப்பே சாயங்காலம் சில மணி நேரந்தான், ராத்திரி அதுவா முடிஞ்சிரும், யாரும் நம்மள நிறுத்தச் சொல்ல வேண்டியதில்ல. போன் அப்படி தானா முடியுற சாமான் இல்ல, அதனால ஏழுல இருந்து ஒம்போது வரைக்கும் போனெல்லாம் பிரிட்ஜ் மேலன்னு வச்சோம். மொத சண்டை என்னோடதுதான், ஆபீஸ் மெசேஜ்னு ஏமாத்தப் பாத்தேன்.

மூணாவது, கெடைச்ச நேரத்துல பெருசா என்னமாவது கத்துக்கணும்னு கெளம்புறது. நான் ஏழு புஸ்தகம் வாங்குனேன், ஒண்ணுலயும் நாப்பது பக்கம் தாண்டல. வேலை முடிஞ்சு வந்த உடம்பு அந்நேரத்துக்குப் பாடம் கேக்காது. எங்க வீட்ல நெலைச்சது பரண்ல கெடந்த பல்லாங்குழிதான். ரெண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, காய்க்குப் புளியங்கொட்டை. குழில நாலு சேந்தா அது பசு, குழிக்கு உரியவங்க அள்ளிக்கலாம். சும்மா இருக்குற வெளையாட்டு மாதிரி தெரியும், ஆனா எந்தக் குழில எத்தனை கெடக்குன்னு மனசுல வைக்காட்டி ஒண்ணும் நடக்காது. எங்கம்மா எண்ணாமலே எடுப்பாங்க, எம்பையன் கைய விட்டு எண்ணி எடுத்தும் தோப்பான். மாத்திரைய மறந்த அதே அம்மாதான்!

புள்ளைங்களுக்கு டிவி கட்டுன்னு அதத் தண்டனையா சொல்லாதீங்க, வேற எடம் காட்டுங்க. மதுரைல புது நத்தம் ரோட்ல 2023 ஜூலைல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல சின்னப் புள்ளைங்களுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. மொத வாரம் எம்பையன் ஏசிக்காகத்தான் வந்தான், வரட்டும்.

அப்புறம் சோபாவ டிவி இருந்த செவுத்தப் பாத்தே விட்டுறாதீங்க, திருப்பிப் போடுங்க, வெறும் ஆணியப் பாத்து எவ்ளோ நேரம் உக்கார முடியும். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய் "நாங்கெல்லாம் டிவியே பாக்குறதில்ல"ன்னு பீத்திக்கவும் வேணாம், நான் பீத்திக்கிட்டேன், அடுத்த விசேஷத்துல அவங்க வீட்டு டிவி முன்னாடி வாயப் பொளந்து உக்காந்திருந்தப்ப எங்க மதினி போட்டோ எடுத்து வச்சிருக்கு.

அம்மா மட்டும் அந்த எட்டு மணி சீரியல விடல. எதுத்த வீட்டு அக்கா கூட உக்காந்து பாத்துட்டு வந்து, சாப்பிடுறப்ப எங்களுக்குக் கதை சொல்றாங்க, நடுவுல ரெண்டு பேர திட்டவும் திட்டுறாங்க. இப்ப எம்பையன் தெனமும் அதுக்குத்தான் காத்திருக்கான்.