ஆம்ஸ்டர்டாமில் 100 யூரோ அபராதத்தைத் தவிர்க்க

சிவப்பு விளக்குப் பகுதியான டே வாலன், டாம் சதுக்கம், டாம்ராக், நியூமார்க்ட் பகுதித் தெருக்களில் கஞ்சா சுருட்டைப் பற்றவைக்காதீர்கள். புகைப்பதானால் காபிஷாப்புக்குள்ளேயே (இங்கே அது கஞ்சா விற்கும் கடை) புகைத்துவிட்டு வெளியே வாருங்கள். 2023 மே மாதத்திலிருந்து இங்கே தெருவில் கஞ்சா புகைத்தால் 100 யூரோ அபராதம்.

நெதர்லாந்தில் கஞ்சா சட்டபூர்வமானது என்று பலர் நம்பி வருகிறார்கள். அப்படி இல்லை. 1976 முதல் அதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். 5 கிராம் வரை வைத்திருந்தால் வழக்குத் தொடுப்பதில்லை. ஆனால் எங்கே புகைக்கக் கூடாது என்று நகராட்சி கட்டுப்பாடு விதிக்கலாம். கால்வாய் ஓரத்து மாடிகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. நள்ளிரவில் சன்னல் வழியே ஏறும் புகையையும் கூச்சலையும் அவர்கள்தான் சகிக்கிறார்கள். இந்தத் தடை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

காபிஷாப்பின் வெளி இருக்கைகளுக்கும் சாதாரண சிகரெட்டுக்கும் இந்தத் தடை பொருந்தாது. 18 வயது நிரம்பாதவர்களுக்குக் காபிஷாப்பில் அனுமதியே இல்லை. அடையாள அட்டை கேட்பார்கள். மாஸ்ட்ரிக்ட் நகரில் இந்த யோசனை சுற்றுலாப் பயணிகளுக்கு உதவாது: அங்கே காபிஷாப்புகள் நெதர்லாந்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். கஞ்சா மிச்சம் இருந்தால் விமான நிலையத்துக்கு எடுத்துச் செல்லவே வேண்டாம்.