ஸ்கூல் சேர்க்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே குழந்தை உடம்புல என்னென்ன பாக்கணும்

என் பொண்ணு நாலு வயசுல கூப்பிட்டா திரும்பவே மாட்டா. பின்னாடி நின்னு மூணு தடவ கூப்பிட்டு, அப்புறம் கிட்டப் போய் தோளத் தொட்டாத்தான் பாப்பா, நானும் இது பிடிவாதம்னு நெனச்சு எத்தனையோ நாள் திட்டியிருக்கேன். ஸ்கூல்ல சேத்த ரெண்டாவது மாசமே டீச்சர் கூப்பிட்டு கவனமே இல்லங்க, சொன்னத செய்ய மாட்டேங்குறான்னாங்க. காது டாக்டர்கிட்ட காட்டினப்பதான் தெரிஞ்சுது, ரெண்டு காதுலயும் செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்திருந்துச்சு. வலி இல்ல, காய்ச்சல் இல்ல, சீழும் வடியல. நாங்க பேசறதெல்லாம் அவளுக்கு சுவத்துக்கு அந்தப் பக்கம் பேசற மாதிரிதான் கேட்டிருக்கு, அவளா வந்து சொல்லவும் வழியில்ல, எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நெனச்சிருப்பா பாவம்.

அதனாலதான் இத எழுதறேன். ஸ்கூல்னாலே நாம எழுத்து, நம்பர், கலர் பேருன்னு ஆரம்பிச்சுடறோம், அதெல்லாம் டீச்சர் சொல்லிக் குடுத்துடுவாங்க. காது கேக்குதா, கண்ணு தெரியுதா, ஒழுங்கா தூங்குதா, ரத்தம் இருக்கான்னு பாக்கறது நம்ம வேல. ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சா, ஏதாவது இருந்தாலும் சரி பண்ண டைம் கெடைக்கும்.

மொதல்ல காது. குழந்தை வெளையாட்டுல மும்முரமா இருக்கும்போது பின்னாடி ஒரு ஆறடி தள்ளி நின்னு, உங்க மூஞ்சி தெரியாத மாதிரி, மெதுவான குரல்ல அதுக்குப் பிடிச்ச எதையாவது சொல்லிப் பாருங்க. ஒரு நாள் பண்ணிட்டு விட்டுடாதீங்க, நாலஞ்சு நாள் பாருங்க, ஏன்னா சளி பிடிச்சா நீர் ஏறும், சளி விட்டா கொறையும், அதனால ஒரு நாள் நல்லா கேக்கும் ஒரு நாள் கேக்காது, நமக்கு அது வேணும்னே பண்ற மாதிரியே தோணும். டிவி சவுண்ட கூட்டிக்கிட்டே போறது, எதுக்கெடுத்தாலும் 'ஆங்?'னு கேக்கறது, ஒரு பக்கமாவே தலைய சாச்சுக் கேக்கறது இதெல்லாம் கவனிங்க. நாலு வயசுல குழந்தை பேசறது வெளி ஆளுங்களுக்கும் பெரும்பாலும் புரியணும், உங்களுக்கு மட்டும்தான் புரியுதுன்னா அதுக்கும் காது டெஸ்ட் பண்ணணும். இந்த நீர் பல குழந்தைங்களுக்கு மூணு மாசத்துக்குள்ள தானாவே வத்திடும், அதனால டாக்டர் பொறுத்துப் பாக்கலாம்னு சொன்னா கோச்சுக்காதீங்க, ஆனா மறுபடி வரச் சொன்ன தேதிய மட்டும் விட்டுடாதீங்க. எண்ணெய் அது இதுன்னு நீங்களா காதுல எதையும் ஊத்த வேண்டாம், நீர் இருக்கறது செவிப்பறைக்கு அந்தப் பக்கம், நீங்க ஊத்தறது அங்க போகவே போகாது. எங்களுக்கு மூணு மாசம் ஆகியும் வத்தல, மூக்குக்குப் பின்னாடி அடினாய்டு சதையும் பெருசா இருந்துச்சு, சின்ன ஆபரேஷன் பண்ணி காதுல டியூப் வச்சாங்க. வீட்டுக்கு வந்து படுக்க வச்சப்போ மேல பாத்து "அம்மா ஃபேன் சத்தம் போடுது"ன்னா. அந்த ஃபேன் அவ பொறந்ததுலேர்ந்து அங்கதான் ஓடிட்டு இருக்கு.

கண்ணும் இதே கததான். ஒரு கண்ணு நல்லா இருந்து இன்னொண்ணு மங்கலா இருந்தா, குழந்தை நல்ல கண்ண வச்சே எல்லா வேலையும் முடிச்சுக்கும், நமக்கு சந்தேகமே வராது. ஆனா மூளை அந்த மங்கலான கண்ண ஒதுக்கிட்டே போகும், சோம்பேறிக் கண்ணுன்னு சொல்றது இதத்தான். கண்ணாடி போட்டு, நல்ல கண்ண தெனம் கொஞ்ச நேரம் மூடி வச்சு இத சரி பண்றாங்க, ஏழு வயசுக்குள்ள ஆரம்பிச்சா நல்லா பலன் கெடைக்கும், லேட்டாக ஆக கஷ்டம். அதனால மூணுலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள ஒரு தடவையாவது கண் டெஸ்ட் பண்ணிடுங்க. படப் புக் பாக்கும்போது ஒரு கண்ண உங்க உள்ளங்கையால மூடிப் பாருங்க, அப்புறம் இன்னொண்ண. ஒரு பக்கம் மூடினா சும்மா இருந்து, இன்னொரு பக்கம் மூடினா கையத் தட்டி விட்டு அழுதுச்சுன்னா உடனே கூட்டிட்டுப் போங்க. அழலன்னாலும் டெஸ்ட் டெஸ்ட்தான், வீட்டுல பாக்கறது அதுக்குப் பதில் ஆகாது. ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோல ஒரு கண்ணோட பாப்பா மட்டும் வெள்ளையா தெரிஞ்சா ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க, சில சமயம் ஒண்ணும் இல்லாமலும் இருக்கும், ஆனா கண்ணுக்குள்ள கட்டி இருந்தாலும் அப்படித் தெரியும்.

அடுத்தது தூக்கம், இதுலதான் நெறைய பேர் கோட்ட விடறோம். மூணுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் பகல் தூக்கத்தையும் சேத்து 10லேர்ந்து 13 மணி நேரம் வேணும். ஸ்கூல் போனா பகல் தூக்கம் நின்னுடும், அப்ப அத்தனையும் ராத்திரியே வரணும். காலைல ஆறரைக்கு எழுப்பணும்னா ராத்திரி எட்டுக்குள்ள தூங்கியிருக்கணும், படுக்கப் போற நேரம் இல்ல, தூங்கற நேரம். பத்தரைக்குத் தூங்கற குழந்தைய ஒரே நாள்ல எட்டுக்குக் கொண்டு வர முடியாது, மூணு நாளைக்கு ஒரு தடவ கால் மணி நேரம்னு முன்னாடி நகத்துங்க, காலைல எழுப்பறதையும் அதே மாதிரி நகத்துங்க. படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போன் டிவி எல்லாம் ஆஃப். தூக்கம் பத்தாத பெரியவங்க சோர்ந்து உக்காருவோம், குழந்தைங்க துள்ளும், கத்தும், சின்ன விஷயத்துக்கெல்லாம் அழும், கிளாஸ்ல அது சேட்டன்னு பேர் வாங்கிடும். வாரத்துல முக்கால்வாசி நாள் குறட்டை, வாயத் தொறந்தே தூங்கறது, நடுவுல மூச்சு நின்னு நின்னு வர்றது இருந்தா ஒரு வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.

ரத்தம். ரெண்டுலேர்ந்து அஞ்சு வயசுக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழ போனா ரத்தசோகை. இரும்புச்சத்து கொறஞ்சா சோர்வு மட்டும் இல்ல, கவனமும் நிக்காது. சாப்பாடே எறங்காம பாலா குடிக்கற குழந்தைக்கு இது ரொம்ப சகஜம், வயிறு பால்லயே ரொம்பிடும், பால்ல இரும்பு ரொம்பக் கம்மி, அதனால ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல பால் வேண்டாம். பருப்பு, கீரை, முட்டை, கறி எது உங்க வீட்டுல உண்டோ அதக் குடுங்க, கூட எலுமிச்சையோ ஆரஞ்சோ சேந்தா இரும்பு நல்லா உடம்புல ஒட்டும், டீ குடுத்தா சரியா ஒட்டாது. மண்ணு, சாக்பீஸ் திங்கற பழக்கம் இருந்தா கண்டிப்பா ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, வயித்துப் பூச்சிக்குக் குடுக்கற மருந்து பத்தியும் அப்பவே கேட்டுக்கோங்க. இரும்பு டானிக் டாக்டர் சொன்ன அளவுதான், குழந்தை கைக்கு எட்டாத எடத்துல வைங்க, மொத்தமா குடிச்சுட்டா உயிருக்கே ஆபத்து.

பல்லு: பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், ஏழெட்டு வயசு வரைக்கும் பெரியவங்கதான் தேச்சு விடணும், பல் வலியோட இருக்கற குழந்தை சரியா சாப்பிடாது, தூங்காது. தடுப்பூசி: பல நாடுகள்ல 4லேர்ந்து 6 வயசுல பூஸ்டர் உண்டு, கார்ட எடுத்து விட்டுப் போனது எதுன்னு பாத்துடுங்க, தட்டம்மை மாதிரி ஒண்ணு கிளாஸுக்குள்ள வந்தா ஊசி போடாதவங்கள்ல பெரும்பாலானவங்கள விடாது.

பாத்ரூம் விஷயத்த யாரும் பேசறதில்ல, ஆனா குழந்தைக்கு அது பெரிய விஷயம். புது எடத்துல கேக்க பயந்துகிட்டு அடக்கும், அடக்க அடக்க மலம் இறுகும், வலிக்கும், வலிக்குதுன்னு இன்னும் அடக்கும். எலாஸ்டிக் வச்ச டிரெஸ் போட்டு, தானே கழட்டி மாட்ட இப்பவே பழக்குங்க. தெரியாத பெரியவங்ககிட்ட "பாத்ரூம் போகணும்"னு சத்தமா சொல்லவும் பழக்குங்க, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகும்போது நீங்க கேக்காம அதையே கேக்க வைங்க.

ஓட விடுங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன அளவு, மூணு நாலு வயசுக்கு நாளைக்கு மூணு மணி நேரம் உடம்பு அசையணும், அதுல ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கற அளவுக்கு, ஸ்க்ரீன் ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். முதுகுலயும் வயித்துலயும் பலம் இருந்தாத்தான் பெஞ்சுல நேரா உக்கார முடியும். பென்சிலுக்கு முன்னாடி களிமண் பெசையறது, பேப்பர் கிழிக்கறது, பட்டன் போடறது, இதுலதான் விரல் பலம் வரும். அஞ்சு வயசுல ஒரு வேலைல அஞ்சுலேர்ந்து பத்து நிமிஷம் கவனம் நின்னாலே சரியான வளர்ச்சிதான், அரை மணி நேரம் உக்கார வச்சு எழுத வைக்காதீங்க.

கடைசியா ஒரு பேப்பர்ல எழுதி டீச்சர் கைல குடுங்க: அலர்ஜி எது, இழுப்பு உண்டா, இன்ஹேலர் பையில எந்த ஜிப்ல இருக்கு, கண்ணாடி எப்பெல்லாம் போடணும், எந்தக் காது மந்தம், பாத்ரூமுக்கு குழந்தை என்ன வார்த்த சொல்லும். நான் குடுத்த பேப்பர்ல ஒரு வரி அடிக்கோடு போட்டு எழுதினேன், இவ பதில் சொல்லலன்னா முன்னாடி வந்து மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவ சொல்லிப் பாருங்கன்னு.