ஒரு பிளேடு, ஒரு பிரஷ், ஒரு சொம்பு நல்ல தண்ணீர்

போன மாதம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கழுத்து முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். "என்ன கண்ணு இது?" என்று கேட்டேன். "ஷேவ் பண்ணினாலே இப்படித்தான் வருதுங்க மாமா, என் தோலுக்கு ஒத்துக்கல" என்றான். எனக்கும் முப்பத்தைந்து வயது வரை கழுத்து அப்படித்தான் இருந்தது. தோல் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்று அவனைக் கண்ணாடி முன்னால் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் கடைசல் பட்டறையில் எனக்கு இருபத்தாறு வருட வேலை. டூல் எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு ஆழம் கொடுக்கிறோம் என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. சவரமும் அதே வேலைதான், பொருள் மட்டும் வேறு.

முதலில் கொப்புளம் ஏன் வருகிறது என்று பார்ப்போம். மூன்று, நான்கு பிளேடு அடுக்கிய ரேசரில் முன்னால் போகும் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டிவிடும். வெட்டிய நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய் நிற்கும். நேர் முடி என்றால் பரவாயில்லை. சுருள் முடி வளரும்போது நுனி வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். அதுதான் கொப்புளம், அதுதான் சீழ். ஒற்றை பிளேடு பெரும்பாலும் தோல் மட்டத்திலேயே வெட்டி நிறுத்துகிறது. என் கழுத்து ஆறியது அதற்கு மாறிய பிறகுதான்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு போடும் ரேசர், ஒரு பிரஷ், ஒரு சவர சோப்பு அல்லது டியூபில் வரும் கிரீம், ஒரு படிகாரக் கல். ரேசரில் மூன்று துண்டாகக் கழற்றுவதை வாங்குங்கள். கழுவ எளிது, கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. என்னிடம் இருப்பது ஜெர்மனியின் மியூலே ஆர்89. உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாதாரண ரேசரிலும் நன்றாகவே வரும். பிளேடைப் பொறுத்தவரை ஐந்து பிளேடு பாக்கெட்டாக இரண்டு மூன்று வகை வாங்கி, எது உங்கள் முகத்துக்குச் சரிவருகிறது என்று பாருங்கள். ஒரு பிளேடு ஒரு டீ விலைகூட இல்லை. ஜப்பானின் ஃபெதர் பிளேடு மிகக் கூர்மையானது, கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

இந்த பிளேடைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதன் தடிமன் 0.1 மில்லிமீட்டர். கிங் கேம்ப் ஜில்லெட் என்பவருக்கு இப்படி ஒரு பிளேடு செய்யும் யோசனை வந்துவிட்டது, ஆனால் இவ்வளவு மெல்லிய தகட்டை வளையாமல் கடினப்படுத்தித் தீட்ட முடியாது என்று விவரம் தெரிந்தவர்களே சொன்னார்கள். அதைச் செய்துகாட்டியவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1904இல் அமெரிக்காவில் ஜில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. சூடேற்றிக் குளிர்விக்கும்போது மெல்லிய தகடு எப்படி முறுக்கிக்கொள்ளும் என்று கையால் பார்த்தவன் நான். நிக்கர்சன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சரி, தண்ணீருக்கு வருவோம். பாதி வேலை இதில்தான். செல்வபுரத்தில் குடியிருந்தவரை குழாயில் சிறுவாணித் தண்ணீர். பிரஷை நான்கு சுற்று சுற்றினால் நுரை பொங்கும். அப்புறம் சூலூர்ப் பக்கம் வீடு மாறினோம். குளியலறையில் போர் தண்ணீர். அதே சோப்பு, அதே பிரஷ், நுரை மட்டும் வரவில்லை. கிண்ணத்தில் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக ஒட்டியது. சோப்பு போலி என்று நினைத்து வேறு வாங்கினேன், அதுவும் அப்படியே. ஒருநாள் சமையலறையிலிருந்து ஒரு சொம்பு குடிதண்ணீர் எடுத்துப் போட்டுப் பார்த்தேன், நுரை திரண்டு வந்தது. உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். அந்தப் பிசுக்கு போக மிஞ்சும் சோப்பில்தான் நுரை வரும். அதனால் முகம் கழுவ எந்தத் தண்ணீரும் சரி, நுரைக்கு மட்டும் குடிதண்ணீர் அல்லது மழைத்தண்ணீர் ஒரு சொம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

குளித்து முடித்ததும் சவரம் செய்வது நல்லது. இல்லையென்றால் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். தண்ணீர் குடித்த முடி மெத்தென்று ஆகிவிடும், பிளேடு இழுக்காது. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படி பிளேடு முனையை மழுக்குகிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முனை சீராகத் தேயவில்லை, அங்கங்கே சில்லுப் பெயர்ந்திருந்தது. முடி வளைந்து சாய்வாக முனையில் படும் இடத்தில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத புள்ளியில்தான் பெயர்கிறதாம். பட்டறையில் டூல் முனை சில்லடிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

பன்றி முடி பிரஷ் என்றால் குளிக்கப் போகும்போதே தண்ணீரில் ஊறப்போடுங்கள். செயற்கை இழைக்கு ஊறல் வேண்டாம். பிரஷை நன்றாக உதறிவிட்டு, ஈரம் மட்டும் இருக்கும் நிலையில் சோப்பின் மேல் அரை நிமிடம் சுற்றுங்கள். நுனியில் பசைபோல் ஏறும். இப்போது கிண்ணத்திலோ முகத்திலோ சுற்றத் தொடங்கி, விரலைத் தொட்டுத் தொட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். முதலில் பெரிய பெரிய குமிழியாக வரும், அது நுரை இல்லை. விடாமல் சுற்றுங்கள். குமிழிகள் உடைந்து, சிறுத்து, கடைசியில் குமிழியே கண்ணுக்குத் தெரியாது. கெட்டித் தயிர்போல மேலே ஒரு பளபளப்பு வரும், பிரஷைத் தூக்கினால் சின்னக் கூம்பு நிற்கும். அதில் கொஞ்சம் எடுத்துக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். வழுக்க வேண்டும். ஒட்டினால் இன்னும் நாலு சொட்டுத் தண்ணீர். ஓடினால் மறுபடி சோப்பில் சுற்ற வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோருமே தண்ணீர் குறைவாகத்தான் சேர்க்கிறார்கள்.

பிளேடு போடும்போது கூரில்லாத இரண்டு ஓரங்களை மட்டும் பிடியுங்கள். திருகி இறுக்கிய பிறகு ரேசரின் தலையை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்து, இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கூட இருந்தால் கழற்றி மறுபடி போடுங்கள்.

இனி கோணம். கைப்பிடி கன்னத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி ரேசர் தலையின் மேல்மூடியைத் தோலில் வையுங்கள். அந்த நிலையில் பிளேடு தொடாது. கைப்பிடியை மெதுவாகக் கீழே சாயுங்கள். ஓரிடத்தில் பிளேடு முடியைத் தொட்டுச் 'சரக்' என்று சத்தம் வரும். அங்கே நிறுத்துங்கள், அதுதான் கோணம். ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். சத்தம் நின்றால் கோணம் தப்பிவிட்டது என்று அர்த்தம். அதனால் சவரம் செய்யும்போது மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவேன்.

அழுத்தவே அழுத்தாதீர்கள். என் ரேசரைப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 64 கிராம். அந்த எடை போதும். கைப்பிடியின் அடிப்பக்கத்தை மூன்று விரலால் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் வராது. பழக்கத்தில் அழுத்திப் பழகிய கைக்கு இது வர இரண்டு வாரம் ஆகும், பொறுங்கள். மற்றக் கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு இழுப்பும் ஒரு அங்குலம் போதும்.

முடி எந்தத் திசையில் வளர்கிறது என்பதை முன்பே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் தாடியில் விரலை ஓட்டுங்கள். வழவழவென்று போகும் திசை வளரும் திசை, சொரசொரப்பது எதிர்த் திசை. கழுத்தில் பலருக்கு முடி மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும். என் அக்கா மகனுக்குக் கழுத்தின் இடப்பக்கம் காதை நோக்கி வளர்கிறது. அவன் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தான்.

முதல் தடவை வளரும் திசையிலேயே இறக்குங்கள். மறுபடி நுரை போட்டு இரண்டாம் தடவை குறுக்கே. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். எதிர்த்து ஏற்றுவது தோல் தாங்கினால் மட்டும். கொப்புளம் உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். தொண்டைமணி மேல் நேராக இழுக்காமல், தோலை ஒரு பக்கமாக நகர்த்திச் சமதளமாக்கிக்கொண்டு இழுங்கள்.

முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, படிகாரக் கல்லை நனைத்து முகமெல்லாம் தடவி ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். சின்ன வெட்டில் வரும் ரத்தம் நின்றுவிடும். எந்த இடம் சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். அடுத்த நாள் அந்த இடத்தில் கையைத் தளர்த்துங்கள்.

பிரஷை அலசி உதறி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடாதீர்கள். ஒரு பிளேடு எனக்கு ஐந்து சவரம் வரும், இழுக்கத் தொடங்கினால் அதற்கு முன்பே மாற்றிவிடுவேன். அண்ணன் தம்பியாக இருந்தாலும் ஒரே பிளேடைப் பகிரக் கூடாது, ரத்தத்தில் பரவும் நோய்கள் அப்படித்தான் வரும்.

பழைய பிளேடைக் குப்பையில் போடாதீர்கள். காலையில் நம் தெருவில் குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். காலியான பால்பவுடர் டின்னின் மூடியில் உளியால் ஒரு கீறல் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் குளியலறையில் வைத்திருக்கிறேன். பிளேடு கீறல் வழியாக உள்ளே விழும், வெளியே வராது. அக்கா மகனுக்கும் அதேபோல் ஒன்று செய்து, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தனுப்பினேன். நிறைந்ததும் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், கடைசலில் விழும் இரும்புச் சுருளோடு சேர்த்து உருக்கப் போய்விடும்.