60 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒண்டை சின்ன போர்டுக்குள்ள அடக்கிறது எப்பிடி

ஒரு அறைக்குள்ள 10 மீற்றர் தூரத்துக்கு டேட்டாவை வேகமா அனுப்போணும் எண்டால் 60 ஜிகாஹெர்ட்ஸ் நல்ல இடம், ஒரு சேனலே 2.16 ஜிகாஹெர்ட்ஸ் அகலம், அலைநீளம் வெறும் 5 மி.மீ. எண்டபடியால் அன்டெனாவும் நகத்தளவுதான். பிரச்சினை எங்க எண்டால் சிப்புக்கும் அன்டெனாவுக்கும் இடையில ஓடுற அந்த ஒரு சென்ரிமீற்றர் ட்ரேஸ்ல (போர்டில பதிஞ்ச செம்புக் கோடு).

போர்டு வரையிற கிகேட் மென்பொருளைத் திறக்க முதல் கணக்கைப் போட்டுப் பாருங்கோ. 10 மீற்றர்ல காத்திலயே 88 டிபி (டெசிபெல், சிக்னலின்ர ஏற்ற இறக்கத்தை அளக்கிறது) போயிடும். டிரான்ஸ்மிட் பவர் 10 டிபிஎம் (1 மில்லிவாட்டோட ஒப்பிட்ட டிபி), ரெண்டு பக்கமும் 5 டிபிஐ கெயின் உள்ள பாட்ச் (போர்டிலயே செம்பில செய்யிற தட்டை அன்டெனா) எண்டு வையுங்கோ, அங்கால வந்து சேருறது -68 டிபிஎம். அந்த அகல சேனலுக்கு வெப்ப நொய்ஸ் கிட்டத்தட்ட -81, ரிசீவரின்ர நொய்ஸ் ஃபிகர் (அது தானாக் கூட்டுற நொய்ஸ்) 7 டிபி எண்டால் -74. மிஞ்சுறது 6 டிபி. இதுல ஒவ்வொரு பக்கமும் ட்ரேஸ்ல 2 டிபியை விட்டீங்கள் எண்டால் 2 டிபிதான் கையில, அதை வச்சு ஒண்டும் செய்யேலாது. எல்என்ஏக்கு (ரிசீவரின்ர முதல் ஆம்ப்ளிஃபையர்) முன்னால இழக்கிற டிபி அப்பிடியே நொய்ஸ் ஃபிகர்ல ஏறும், பிறகு எவ்வளவு ஆம்ப்ளிஃபை பண்ணினாலும் திரும்பி வராது.

அதால வழமையான போர்டு மெற்றீரியல் எஃப்ஆர்4ஐ மறந்திடுங்கோ, அதின்ர லாஸ் டேன்ஜன்ட் (சிக்னலை எவ்வளவு விழுங்கும் எண்ட அளவு) 0.02 அளவு, 60 ஜிகாஹெர்ட்ஸ்ல அந்த மெற்றீரியல் மட்டுமே சென்ரிமீற்றருக்கு 2 டிபிக்குக் கிட்டத் திண்டிடும். ரோஜர்ஸ் ஆர்ஓ3003 மாதிரி ஒண்டு (அலையை எவ்வளவு மெதுவாக்கும் எண்டு சொல்லுற டிகே 3, டேன்ஜன்ட் 0.001) எடுத்தால் செம்பின்ர லாஸையும் சேர்த்து 1 டிபிக்குள்ள நிக்கும். விலை கூடத்தான். முழு போர்டையும் அதில செய்யத் தேவையில்லை, மேல் லேயர் மட்டும் ரோஜர்ஸ், கீழ எஃப்ஆர்4 எண்டு ஹைபிரிட் ஸ்டாக்கப் கேளுங்கோ. செம்பு வழுவழுப்பான ஃபாயிலா இருக்கோணும், ஏனெண்டால் இந்த அலைவரிசையில கரண்ட் 0.3 மைக்ரோன் ஆழத்துக்குள்ளதான் ஓடும், செம்பு கரடுமுரடா இருந்தால் மேடு பள்ளம் ஏறி இறங்கித்தான் போகும். ஆர்எஃப் ட்ரேஸ்ல சோல்டர் மாஸ்க் வேண்டாம். செம்புக்கு மேல பூசுற ஃபினிஷுக்கு எனிக் (நிக்கலுக்கு மேல தங்கம்) போட்டால் அதுக்குள்ள இருக்கிற நிக்கல் லாஸ் கூட்டும், இமர்ஷன் சில்வர் நல்லம், ஆனா கொழும்பு வெள்ளவத்தைக் கடல்காத்துல வெள்ளி கெதியாக் கறுக்கும், வந்த போர்டுகளை சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கோ.

அடுத்தது பாட்ச். ஆர்ஓ3003ல பக்கம் 1.4 மி.மீ. அளவு வரும். எட்சிங்ல 0.05 மி.மீ. பிழைச்சால் ரெசொனன்ஸ் ஏறக்குறைய 2 ஜிகாஹெர்ட்ஸ் நகரும், அதாவது ஒரு சேனலே தப்பிடும்! ஆகவே போர்டு செய்யிற ஃபாப் காரரிட்ட டொலரன்ஸைக் கேட்டு, ஓப்பன்இஎம்எஸ்ல (இலவச சிமுலேஷன் மென்பொருள்) அந்தப் பிழையோடயே ஓட்டிப் பாருங்கோ. ரோஜர்ஸ் லேயர் 0.127 மி.மீ. தடிப்பில பாண்ட்விட்த் ஒடுக்கம், 0.25 எடுத்தால் விரியும், ஆனா வியாவின்ர (லேயர்களை இணைக்கிற துளை) இண்டக்டன்ஸும் சர்ஃபேஸ் வேவும் (போர்டு வழியா ஓடி வீணாகிற அலை) கூடும். எனக்கெண்டால் 0.25தான். இன்னும் கெயின் வேணும் எண்டால் பாட்ச்களை 2.5 மி.மீ. இடைவெளியில வச்சு 4க்கு 4 அடுக்கினாலும் ஒரு சதுர சென்ரிமீற்றர்தான்.

இதெல்லாம் தலையிடி எண்டால் அன்டெனா சிப் பக்கேஜுலயே இருக்கிறதை வாங்குங்கோ. ராடார் வேலைக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின்ர ஐடபிள்யூஆர்6843ஏஓபி, இன்ஃபினியனின்ர பிஜிடி60டிஆர்13சி ரெண்டும் அப்பிடித்தான், ட்ரேஸ் பிரச்சினையே இல்லை. இதுகள் புறக்கோட்டைக் கடைகள்ல கிடைக்காது, வெளியில இருந்துதான் எடுக்கோணும், ரேடியோ சாமான் எண்டபடியால் ஓடர் போட முதல் டிஆர்சியில (இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு) ஒருக்காக் கேட்டிடுங்கோ.

டெஸ்ட் பண்ண 67 ஜிகாஹெர்ட்ஸ் விஎன்ஏ (சிக்னலின்ர இழப்பையும் தெறிப்பையும் அளக்கிற கருவி) எல்லாரிட்டயும் இராது. ரெண்டு போர்டை நேருக்கு நேர் நிப்பாட்டி ஆர்எஸ்எஸ்ஐயைக் (வந்து சேருற சிக்னலின்ர பலம்) குறிச்சு, அரை மீற்றர்ல இருந்து ஒரு மீற்றருக்கு நகர்த்துங்கோ, 6 டிபி குறையோணும். குறையேல்லை எண்டால் ரிசீவர் நிரம்பிப் போச்சு, இல்லாட்டி மேசையில பட்டுத் தெறிச்சு வருது.

கேஸிங்கைக் கடைசியில யோசிப்பம் எண்டு விடாதேங்கோ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் எண்டால் அன்டெனாக்கு முன்னால 1.5 மி.மீ. தடிப்பு வையுங்கோ, அது பிளாஸ்டிக்குக்குள்ள அரை அலைநீளம், தெறிப்புக் குறையும். வெளியில பூட்டுறது எண்டால் கொஞ்சத் தூரத்துக்கு மழை பெரிசா ஒண்டும் செய்யாது, கேஸிங்ல படியிற தண்ணிப் படலம்தான் சிக்னலை விழுங்கும், அதால முகத்தைக் கொஞ்சம் கீழ சரிச்சு, மேல ஒரு சின்னத் தாவாரம் வையுங்கோ.